பத்திரத்தில் அடி அளவுக்குப் புள்ளி வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் நில அளவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போதும் தெரிந்தவர்கள் மனை வாங்கினால் பத்திர நகலை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு கோளாறு பற்றித்தான் இந்தக் கடிதம்.

'கிழமேல் 20.10 அடி' என்று எழுதிவிடுகிறார்கள். டேப் பிடித்தவர் சொன்னது 20 அடி 10 அங்குலம். அடிக்கு 12 அங்குலம் என்பதால் அதைப் புள்ளி வைத்து எழுதவே கூடாது. கால்குலேட்டருக்கு 20.10-உம் 20.1-உம் ஒன்றுதான். 0.3048-ஆல் பெருக்கினால் 6.13 மீட்டர் என்று காட்டும். சரியான அளவோ 6.35 மீட்டர். 22 சென்டிமீட்டர் காணாமல் போகிறது. கிட்டத்தட்ட 9 அங்குலம், அதாவது ஒரு செங்கல் சுவரின் கனம். அந்தச் சுவர் யாருடையது என்று அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கையில் அடிக்கணக்கு, இன்னொருவர் கையில் மீட்டர் கணக்கு.

பட்டா ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கிறது. பத்திரம் அடியிலும் சென்டிலும் இருக்கிறது. ஆகவே மாற்றிப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது. பழைய புலப்படம், அதாவது நிலத்தின் சர்வே அளவு வரைபடம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் உள்ள எண்கள் லிங்க் கணக்கு. 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு. 150 என்று போட்டிருந்தால் அது 99 அடி. மீட்டர் என்று நினைத்துவிட்டால் 492 அடி! அப்புறம், மீட்டரை அடியாக்க 3.28-க்குப் பதில் 3.3-ஆல் பெருக்கும் பழக்கமும் இருக்கிறது. 60 மீட்டர் நீளத்தில் அதுவே ஓரடிக்கு மேல் கூட்டிவிடும்.

சோழர் காலக் கோயில்கள் சிலவற்றின் சுவரில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தையே வெட்டி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதுபோல ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஒரு பலகை வைக்கட்டும்: 1 அடி 30.48 செ.மீ., 1 லிங்க் 20.12 செ.மீ., 1 சென்ட் 435.6 சதுர அடி. சொத்து விவரத்தில் அடி, அங்குலம் இரண்டையும் தனித்தனியாக எழுதி, பக்கத்திலேயே மீட்டரையும் எழுதச் சொல்லிப் பதிவுத்துறை உத்தரவு போட வேண்டும்.

மனை வாங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மொத்தச் சதுர அடியை மட்டும் பார்க்காதீர்கள். பத்திர வரைவைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு பக்கத்தையும் இடத்திலேயே டேப் வைத்து அளந்து பாருங்கள். பதிவான பிறகு பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டுமானால் விற்றவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் காலமாகியிருந்தால் அவருடைய வாரிசுகளைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நில அளவர்,
திருக்கோவிலூர்.