ஒரு நூலுக்குப் பத்துப் படிகள்: வாசகர் வட்டத்தின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கும்பகோணத்தில் எங்கள் கிளை நூலகத்தோடு இணைந்து இயங்கும் வாசகர் வட்டத்தில், மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை, உறுப்பினர்கள் தாம் அப்போது படித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றிப் பேசுவது வழக்கம். படித்து முடித்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. பாதியில் நிற்பவரும் பேசலாம், பிடிக்காமல் மூடிவைத்தவர் ஏன் மூடினார் என்று சொன்னாலும் கேட்டுக்கொள்வோம். மேடைக்கூச்சம் உள்ளவர்கள் எழுதுவதற்கென்று நூலகர் மேசையருகே ஒரு குறிப்பேடு கயிற்றில் கட்டித் தொங்குகிறது.

அண்மைக் கூட்டமொன்றில், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறான 'என் சரித்திரம்' பற்றிப் பேசினார். 1880-இல் இவ்வூர்க் கல்லூரிக்கு ஆசிரியராக வந்த ஐயர், இங்கே முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) இருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போய், தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் சற்றும் வியக்காமல் சீவக சிந்தாமணி என்ற பழங்காப்பியத்தைப் படித்ததுண்டா என்று கேட்கும் இடத்தை அவர் வாசித்தபோது கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது. "அந்தக் கேள்வி என்னையும் பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைவதற்குள் பதினான்கு பேர் அந்த நூலைக் கேட்டார்கள். நூலகத்தில் இருந்ததோ ஒரே படி (பிரதி). அதுவும் முதுகு பிரிந்த நிலையில், பேசியவர் கையிலேயே இருந்தது. ஆனந்த விகடனில் வாரந்தோறும் வந்தபோது 1940 முதல் 1942 வரை ஓடிய, 122 அத்தியாயங்கள் கொண்ட அந்த நூலை ஒருவர் தவணையைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஒரு மாதத்தில் முடித்தாலும், பதினான்காமவர் கைக்கு அது போய்ச்சேர ஓராண்டுக்கு மேலாகும். அதற்குள் கேட்ட ஆவல் ஆறிப்போய்விடுகிறது. குறிப்பேட்டைப் புரட்டினால், 'கேட்டேன், வெளியே போயிருக்கிறதாம்' என்ற வரி வெவ்வேறு கையெழுத்துகளில் பல பக்கங்களில் இருக்கிறது.

இதற்காகவே 'இரவல் பெட்டி' ஒன்றைத் தொடங்க முடிவு செய்துள்ளோம். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, குறிப்பேட்டில் அதிகம் பேர் கேட்ட நூலில் பத்துப் படிகள் வாங்கி ஒரே சமயத்தில் இரவல் கொடுத்து, படித்தவர்கள் அனைவரும் கூடிப் பேசியபின் அப்படிகளை அருகிலுள்ள ஊர்ப்புற நூலகங்களுக்கு வழங்கிவிடுவோம். ஓராண்டுக்கு ஆறு நூல்கள், அறுபது படிகள். படிக்குச் சராசரியாக 350 ரூபாய் என்று கொண்டால் 21,000 ரூபாய். இரும்பு அலமாரி ஒன்றுக்கு 9,000 ரூபாய். ஆக 30,000 ரூபாய் தேவைப்படுகிறது. தேநீர்ச் செலவு வழக்கம்போல் உறுப்பினர்களுடையது.

சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, மேலும் எதற்கு நன்கொடை என்று சிலர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு மாவட்டத்தின் நூலகங்கள் அனைத்துக்கும் பொதுவாகச் செலவிட வேண்டிய அந்தப் பணத்தில், ஒரு கிளையில் சிலர் கேட்டார்கள் என்பதற்காக ஒரே நூலைப் பத்துப் படிகள் வாங்கும்படி கேட்பது முறையாகாது. 1,000 ரூபாய் செலுத்தி நூலகப் புரவலர் ஆகும் திட்டமும் வேறு. அத்தொகை நூலகத்தின் கணக்கில் சேர்வது. ஏற்கெனவே புரவலராக உள்ளவர்கள் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பலரிடம் சிறுகச் சிறுகத் திரட்டுவதில் எங்களுக்குக் கூச்சமும் இல்லை: ஐயரே சிந்தாமணியை 1887-இல் அச்சிட்டு வெளியிடுவதற்கு அன்பர்களிடம் பொருளுதவி செய்வதாகக் கையொப்பம் வாங்கித்தான் பொருள் சேர்த்தார்.

ஒரு படியின் விலையான 350 ரூபாயோ, இயன்ற எத்தொகையோ கொடுக்கலாம். மாலை ஐந்து மணிக்கு மேல் நூலகத்துக்கு வந்தால் குழுவினர் ஒருவர் இருப்பார். கையோடு பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பணத்துக்குப் பதிலாக நூல்கள் தர விரும்புவோர், எந்த நூல் தேவை என்று முதலில் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு வாங்குமாறு வேண்டுகிறோம். பழைய பாடநூல்களையும் கடந்த ஆண்டு நாட்குறிப்புகளையும் அன்புகூர்ந்து தவிர்க்கவும்.

முதல் பெட்டிக்கான நூல் 'என் சரித்திரம்'தான். பத்துப் படிகளில் மூன்றுக்கான தொகை உறுப்பினர்களிடமிருந்தே வந்துவிட்டது. இன்னும் ஏழு படிகள் வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் வட்டக் குழுவினர்