ஆறு விநாடி ஊதும் பரிசோதனை கிராம வைத்தியசாலைகளுக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொற்றா நோய்களுக்கான கிளினிக்குகளில் இரத்த அழுத்தமும் சீனியும் எடையும் தவறாமல் பார்க்கப்படுகின்றன. ஆனால் இருமலோடும் இளைப்போடும் வருபவரின் சுவாசக் குழாய்கள் ஒடுங்கியிருக்கின்றனவா, அதாவது நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் (COPD) உண்டா என்பதை அளந்து பார்க்கும் வழக்கம், நான் பணியாற்றிய காலத்தில் கண்டவரையில், திருகோணமலையின் கிராமப்புற வைத்தியசாலைகளில் இல்லை. பல வருடங்களாக விறகடுப்பின் முன் நின்று சமைத்த பெண்களும், அரிசி ஆலைத் தூசியில் உழைத்தவர்களும், பீடி சிகரெட் புகைத்தவர்களும் 'வயது போனால் களைப்பு வரத்தான் செய்யும்' என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டு இருமல் பாணியோடு வீடு திரும்புகிறார்கள். ஆரம்ப நிலையிலுள்ள ஒடுக்கம் ஸ்டெதஸ்கோப்பில் கேட்காமலே போகலாம் என்பதால், இதில் வைத்தியர்களை மட்டும் குறை சொல்வதும் சரியாகாது.

இந்த நோயை உறுதிப்படுத்தும் பரிசோதனை ஸ்பைரோமெட்ரி ஆகும். மூச்சை நிறைய இழுத்துப் பலமாக ஊதும்போது முதல் விநாடியில் வெளியேறும் காற்று, மொத்தமாக வெளியேறும் காற்றில் எவ்வளவு பங்கு என்று அதில் பார்க்கிறார்கள். குழாய்களை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னரும் அந்தப் பங்கு 0.70 இற்குக் குறைவாக இருந்தால் நிலையான அடைப்பு உண்டு எனக் கொள்ளப்படுகிறது. சிக்கல் அந்த 'மொத்தம்' என்பதில்தான் இருக்கிறது. குழாய் ஒடுங்கியவருக்குக் காற்று முழுவதும் வெளியேறப் பத்து விநாடிக்கு மேலும் ஆகலாம். முதியவர்கள் தலைசுற்றி இடையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் மொத்தம் குறைந்து, பங்கு உயர்ந்து, நோய் இருப்பவரும் நலமானவராகத் தாளில் பதிவாகிவிடுகிறார்.

எளிமையாக்கப்பட்ட முறையில் ஆறு விநாடி ஊதினால் போதும். கையடக்கக் கருவி முதல் விநாடிக் காற்றை ஆறு விநாடிக் காற்றோடு ஒப்பிடுகிறது. இங்கு எல்லைக்கோடாக ஏறத்தாழ 0.73 எடுத்துக்கொள்ளப்படுகிறது. பயிற்சி பெற்ற தாதிய உத்தியோகத்தர் ஒருவரே இதைச் செய்துவிடலாம். ஆஸ்துமா நோயாளிகள் வீட்டில் ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீற்றர் இதற்கு மாற்றாகாது. அது ஊதும் வேகத்தின் உச்சத்தை மட்டுமே காட்டுகிறது. சரியாக ஊதாவிட்டாலும் அந்த அளவு குறையும்.

எனினும் ஆறு விநாடிப் பரிசோதனை ஒரு சல்லடை மட்டுமே. அளவு குறைந்தவருக்கு அன்றைக்கே நோயின் பெயரைச் சூட்டி இன்ஹேலரைக் கையில் கொடுத்துவிடக் கூடாது. முழுமையான ஸ்பைரோமெட்ரியே முடிவு சொல்ல வேண்டும். சளியில் இரத்தம் காண்பவருக்குக் காசநோய்ப் பரிசோதனை முந்த வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவரையும் கண் சத்திரசிகிச்சை செய்தவரையும் ஊதவைக்கலாகாது. ஒருவர் வாய்வைத்த குழலை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

வருவோர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஊதவைக்கும் இலவச மருத்துவ முகாம்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அறிகுறி எதுவும் இல்லாதவர்களிடம் இந்நோயைத் தேடுவதைப் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் செயலணியும் 2022 இல் மீண்டும் அறிவித்தது. நாற்பது வயதைக் கடந்து, நீடித்த இருமல், சளி, இளைப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் உள்ளவர்களை, குறிப்பாகப் புகையிலும் தூசியிலும் வாழ்ந்தவர்களை, முதலில் பார்த்தால் போதுமானது.

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்கள் நகரத்திலிருந்து தொலைவிலுள்ள சில வைத்தியசாலைகளிலாவது இதனைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். தொடங்கும்போதே, அளவு குறைந்தவருக்கு நகர வைத்தியசாலையில் முழுப் பரிசோதனைக்கான திகதியைக் குறித்துக் கொடுக்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும். புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டு வருபவரை இன்னொரு நாள் வாருங்கள் என்று திருப்பியனுப்பினால், அவர் மறுபடி வரமாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
உவர்மலை, திருகோணமலை.