ஞாயிறு காலை புல் நடுகிறோம்

அன்பான அக்காமார், அண்ணாமார்,

ஊஞ்சலடியிலும் கேற்றடியிலும் புல் கருகி மண் வெளியே தெரிகிறது. வெயில் காலம் முடிகிறது, ஏப்ரலில் பின்னேர மழையும் வரும். மண் சூடாக இருக்கும்போதே அறுகு நன்றாகப் பிடிக்கும். இனிப் பிந்தினால் மே மழை மண்ணையே அடித்துக்கொண்டு போய்விடும்.

ஞாயிறு காலை 6.30க்கு வாருங்கள். மதிலோரம் அறுகு கொடியாக ஓடிக் கிடக்கிறது, காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. கெட்டித்த மண்ணை 3 அங்குல ஆழம் கொத்திக் கொம்போஸ்ட் கலப்போம். இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளை நாலு அங்குல இடைவெளியில் வைத்து, ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகும்படி அமுக்க வேண்டும். வேர் அந்தக் கணுவிலிருந்துதான் வரும். யூரியா இப்போது வேண்டாம், இளவேர் கருகிவிடும்.

மாமர நிழலில் அறுகு நிற்காது, அந்த இடத்தை இப்போதைக்கு விடுவோம். அப்புறம், கடல் காற்றின் உப்பைப் பற்றிப் பயம் வேண்டாம். அறுகு அதைத் தாங்கும்.

இரண்டு கிழமைக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விட ஆள் வேண்டும். முடிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள். அந்த இரண்டு கிழமையும் பிள்ளைகளை ஊஞ்சல் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. மண்வெட்டி, அலவாங்கு இருந்தால் கொண்டு வாருங்கள்.