ஆகஸ்டில் ஏஜியன் கடலுக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உன் பயணத் திட்டம் கிடைத்தது. கிரீஸில் ஏதென்ஸின் அலிமோஸ் படகுத்துறையில் வாடகைப் பாய்மரப் படகு எடுத்து, மைக்கோனோஸ், சாண்டோரினி தீவுகளைப் பார்த்துவிட்டு ஒரே வாரத்தில் திரும்புவதாக எழுதியிருக்கிறாய். நீ போவதில் எனக்கும் அம்மாவுக்கும் மகிழ்ச்சி. இந்தப் பாதை மட்டும் வேண்டாம். கப்பல் வேலையில் அந்தக் கடலைப் பல கோடைகளில் கடந்தவன் சொல்கிறேன், கேள்.

ஜூலை, ஆகஸ்டில் அங்கே மெல்டெமி என்ற வடகாற்று வீசும். பால்கன் பக்கம் உயரழுத்தம், துருக்கிமேல் தாழ்வழுத்தம்; இரண்டுக்கும் நடுவே காற்று தெற்கே பாய்கிறது. நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்துவரும் கோடைத் தாழ்வழுத்தத்தின் மேற்கு வால்தான் துருக்கிமேல் கிடப்பது. ஆனால் நம் ஊரைப் போல் மேகம் திரண்டு எச்சரிக்காது. வானம் தெளிந்திருக்கும்போதே கடல் வெள்ளை வெள்ளையாய் நுரைக்கும். காற்றின் வலிமையைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 7, அதாவது மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல், நாள்கணக்கில் ஓயாமல் அடிப்பதும் உண்டு. மலைத்தீவின் தெற்குக் கரையில் ஒதுங்கினால் தப்பலாம் என்று எண்ணாதே. மலையேறி இறங்கும் காற்று அங்கேதான் சில நேரம் இன்னும் பலமாக அறையும்.

தெற்கே போகும்போது காற்று முதுகில் இருக்கும். பயணம் சுகமாகத் தெரியும். திரும்புவதுதான் பாடு. ஏதென்ஸிலிருந்து மைக்கோனோஸே 80 கடல் மைலுக்கு மேல். படகின் வேகம் மணிக்கு ஐந்தாறு கடல் மைல். எதிர்காற்றில் நேராக ஏற முடியாமல் இடமும் வலமுமாக வளைந்து போனால் அந்தத் தூரம் நூற்றைத் தாண்டிவிடும். படகை ஒப்படைக்கும் நாளும் விமான டிக்கெட்டும் விரட்ட, போகக்கூடாத காற்றில் கிளம்பத் தோன்றும். அதுதான் என் பயம். சாண்டோரினியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தத் தீவு சூழ்ந்திருக்கும், கடல் நிரம்பிய எரிமலைக் குழியின் ஆழம் 300 மீட்டருக்கு மேல் போகும். உங்கள் நங்கூரம் எட்டாது. கப்பலில் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் அது.

அதற்குப் பதில், ஏதென்ஸை ஒட்டியிருக்கும் சரோனிக் வளைகுடாவுக்குப் போங்கள். மெல்டெமி அங்கே பெரும்பாலும் தணிந்தே வரும். அலிமோஸிலிருந்து ஏஜினா தீவு மூன்று மணி நேரம்தான். கி.மு. 500 வாக்கில் அங்கே எழுந்த அஃபாயா என்ற பெண்தெய்வத்தின் கோயிலின் தூண்கள் மலைமேல் இன்னும் நிற்கின்றன. அடுத்து போரோஸ், பிறகு ஹைட்ரா. ஹைட்ராவில் கார் ஓடாது. கழுதைதான் சுமை தூக்கும். 1821இல் தொடங்கிய கிரேக்க விடுதலைப் போருக்குக் கப்பல்களையும் மாலுமிகளையும் கொடுத்த தீவு. கடலில் பிழைத்த எனக்கு அந்தத் துறைமுகத்தின் மேல் தனி மதிப்பு. துறை மிகச் சிறியது. பிற்பகலில் போனால் இடம் கிடைக்காது. ஒருவர் நங்கூரச் சங்கிலிமேல் இன்னொருவர் போட்டு, காலையில் எல்லாம் சிக்கிக் கிடக்கும். விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் கட்டிவிடுங்கள்.

நங்கூரம் போடும்போது தண்ணீருக்குள் பார். கருத்துத் தெரிவது கடற்புல். அதில் பிடிக்காது, புல்லும் அழியும். வெளுத்த மணலில் போட்டு, ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது சங்கிலி விடு. பிறகு இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி, பிடித்திருக்கிறதா என்று சோதித்துப் பார்.

படகோட்டும் சான்றிதழ் உன் நண்பரிடம் இருக்கிறது. இரண்டாம் ஆளாகப் படகு வாடகை ஒப்பந்தத்தில் உன் பெயர் இருக்கிறது. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் படகைக் கரைசேர்க்க வேண்டியவள் நீ. ஆகவே முதல் நாளே பாயைச் சுருக்குவது, இன்ஜினை இயக்குவது, ரேடியோவில் 16ஆம் சேனலில் உதவி கேட்பது மூன்றையும் உன் கையால் செய்து பழகு. மேல்தளத்தில் நிற்கும்போதெல்லாம் உயிர்காப்பு உடையை அணிந்திரு. நண்பர்கள் சிரித்தாலும் கழற்றாதே.

பாதையை மாற்றியதும் எனக்கு எழுது. ஒவ்வொரு மாலையும் எந்தத் துறையில் இருக்கிறீர்கள் என்று ஒரு வரி அனுப்பினால் போதும். ஏஜினாவின் பிஸ்தா பேர்பெற்றது. அம்மாவுக்கு ஒரு கிலோ வாங்கி வா.

அன்புடன்,
அப்பா