மீள்திறனைப் பிள்ளைகளிடம் கேட்கும் முன்: பள்ளித் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

கல்வியாண்டு தொடங்கினாலே மீள்திறன், அதாவது துன்பத்திலிருந்து மீண்டெழும் திறன், பற்றிய பேச்சு அடிபடுகிறது. வெளியிலிருந்து ஒருவரை அழைத்து அரை நாள் உரை, சுவரில் நாலு வாசகங்கள், தோல்வியைக் கண்டு துவளாதே என்று அசெம்பிளியில் ஓர் அறிவுரை. அந்த ஆண்டுக்கான வேலை அதோடு முடிந்துவிடுகிறது. நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரவெல்லாம் வீட்டில் அடிதடியைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கும், பெற்றவரைப் பறிகொடுத்த பிள்ளைக்கும், போரிலோ வெள்ளத்திலோ வீட்டை இழந்த பிள்ளைக்கும் அந்த அரை நாளால் ஒன்றும் ஆகாது. அவர்கள் ஏற்கெனவே தாங்கிக்கொண்டுதான் நம் வாசலுக்கு வந்து சேர்கிறார்கள். இன்னும் கொஞ்சம் தாங்கு என்று நாமும் சொல்வதில் என்ன இருக்கிறது? பள்ளி தன் பங்குக்கு எதை மாற்றிக்கொள்ளப் போகிறது என்று கேட்கத்தான் இந்த மடல். மாற்ற வேண்டியவற்றில் முக்கால்வாசி உங்கள் ஒரு கையெழுத்தில் இருக்கின்றன: பாட அட்டவணை, தண்டனை விதிகள், ஆசிரியர்களுக்கு நீங்கள் ஒதுக்கும் நேரம்.

"எங்கள் பள்ளியில் அப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லை" என்பதுதான் வழக்கமாக வரும் முதல் பதில். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களின் குழந்தைப் பருவம் பற்றிக் கேட்டார்கள். அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு, வீட்டில் குடி, மனநோய், சிறைக்குப் போன உறவு, பெற்றோர் பிரிவு இப்படி. மூன்றில் இரண்டு பங்கினருக்கு இவற்றில் ஒன்றாவது நடந்திருந்தது. எட்டில் ஒருவருக்கு நான்கோ அதற்கு மேலோ. அவர்கள் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்தினர் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். வசதியான வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் இதெல்லாம் நடக்கிறது.

இதைப் படித்ததும் அந்தக் கேள்வித்தாளை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து மதிப்பெண் போடத் தோன்றலாம். தயவுசெய்து வேண்டாம். தனி ஒருவரை எடைபோட அந்த எண் உதவாது என்று ஆண்டாவே 2020இல் எழுதினார். ஒரு பிள்ளைக்கு என்ன நடந்தது என்று தோண்டித் துருவாமலே அவளுக்கு ஏற்றபடி பாடம் நடத்த முடியும்.

எப்படி என்பதற்கு நான் ஒரு வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். எல்லோரும் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து ஒரு மாணவியின் முதுகுப்பக்கம் நின்றார், சும்மா எட்டிப் பார்க்கத்தான். பேனா நின்றுவிட்டது. தோள்கள் இரண்டும் காது வரை ஏறின. "ஏன் நிறுத்திட்ட? எழுது" என்று சாதாரணக் குரலில்தான் கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டதும் அந்தப் பெண் தாளைக் கசக்கிக் கீழே போட்டாள். கொஞ்ச நேரத்தில் விஷயம் 'திமிர்' என்று பதிவேட்டில் ஏறி, அவள் அலுவலக அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த வாரங்களில் அந்த ஆசிரியை செய்த மாற்றம் ரொம்பச் சிறியது. யார் பின்னாலும் போய் நிற்பதை விட்டார். கண்ணில் படும்படி பக்கவாட்டில் வந்து, டெஸ்க் உயரத்துக்குக் குனிந்து, "முதல் பத்தியைப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பார்த்தார். அவளுக்குச் சுவரோரம், கதவு தெரியும்படி இடம் கொடுத்தார். அவளுக்கு என்ன நடந்திருந்தது என்று ஆசிரியைக்கு அப்போதும் தெரியாது. ஆனால் கட்டுரை பக்கத்தைத் தாண்டி நீள ஆரம்பித்தது.

இதன் பின்னால் இருப்பது உடலின் கணக்கு. நெடுநாள் அச்சத்தில் வளர்ந்த பிள்ளையின் மூளையில் அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை முந்திக்கொண்டு அறிவிக்கப் பழகிவிடுகிறது. அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற பதற்ற ஹார்மோன்கள் ஏறுகின்றன, நெஞ்சு படபடக்கிறது. நிதானித்து யோசிக்க உதவும் நெற்றிப்பக்க மூளை அந்த நேரத்தில் சரியாக வேலை செய்வதில்லை. அப்போது போய் "நீ செய்தது சரியா?" என்று விசாரணை நடத்தினால் நியாயமான பதில் எங்கிருந்து வரும்? முதலில் மூச்சு அடங்க வேண்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை வர வேண்டும், அதற்குப் பிறகுதான் பேச்சும் புத்திமதியும். அமெரிக்க மனநல மருத்துவர் புரூஸ் பெரி இந்த வரிசையைத்தான் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார். நம் பள்ளிகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கத்துகிற, தாளைக் கிழிக்கிற பிள்ளை நம் கண்ணில் படுகிறது. உறைந்துபோகிற பிள்ளை படுவதில்லை. டெஸ்க்கில் தலை சாய்த்துத் தூங்குபவன், எதற்கும் தலையாட்டி எல்லா வேலையையும் முந்திச் செய்து ஆசிரியர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவள், இவர்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நீண்ட விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் சில பிள்ளைகள் காரணமில்லாமல் சண்டை போடுவதையும் கவனித்திருப்பீர்கள். விடுமுறை எல்லோருக்கும் மகிழ்ச்சியான செய்தி இல்லை.

தண்டனைக்கு வருவோம். வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலா ஊரில் லிங்கன் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று உண்டு. மற்ற பள்ளிகள் கைவிட்ட பிள்ளைகள் வந்து சேர்ந்த இடம். அதன் முதல்வர் ஜிம் ஸ்போர்லேடர் 2010இல் விதிகளைத் திருப்பிப் போட்டார். திட்டின பிள்ளையை உடனே வீட்டுக்கு அனுப்பாமல், முதலில் அமைதியாக உட்காரவைத்து, என்ன ஆயிற்று என்று கேட்பது, பிறகு பள்ளிக்குள்ளேயே அதற்கான விளைவைச் சந்திக்க வைப்பது. இடைநீக்கத்தில் பிள்ளைகள் இழந்த நாட்கள் ஒரே ஆண்டில் 798இலிருந்து 135 ஆகக் குறைந்தன. ஒரு பள்ளியின் எண்ணிக்கை அறிவியல் நிரூபணம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் அடி வாங்கும் பிள்ளையைத் தண்டனை என்ற பெயரில் அதே வீட்டுக்கு மூன்று நாள் அனுப்பிவைப்பதில் என்ன பாடம் இருக்கிறது என்று யாராவது எனக்கு விளக்குங்கள்.

ஒழுங்கு கெட்டுவிடாதா என்று கேட்பீர்கள். கெடாது. பயந்த பிள்ளைக்குத்தான் தெளிவான எல்லை அதிகம் தேவைப்படுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிவதே அதற்குப் பாதுகாப்பு. அடித்தவன் அடிபட்டவனிடம் சரிசெய்துதான் ஆக வேண்டும், விட்ட பாடத்தை முடித்துதான் ஆக வேண்டும். மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவதும், "பாவம், விட்டுவிடு" என்று எதிர்பார்ப்பைக் குறைப்பதும் கருணை இல்லை. இந்தப் பிள்ளையால் படிக்க முடியாது என்று நாமே முடிவு கட்டுவதுதான் அது.

சரி, மீள்திறன் எங்கிருந்துதான் வருகிறது? ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகியோர் பல பதிற்றாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடி தலையெடுத்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் ஒன்று, மாறாத அக்கறையோடு பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர். தாத்தா பாட்டி, அக்கம்பக்கத்தார், பல நேரம் ஓர் ஆசிரியர். உரையும் சுவர் வாசகமும் அந்த இடத்துக்கு வர முடியாது. ஆள் வேண்டும், அதுவும் நிலையாக ஒரே ஆள்.

இங்கேதான் உங்கள் பாட அட்டவணை வருகிறது. ஒரே வகுப்புக்கு ஆண்டு நடுவில் வகுப்பாசிரியரை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த ஒருவர் எங்கிருந்து கிடைப்பார்? முடிந்த இடத்தில் அதே வகுப்பாசிரியரை இரண்டு ஆண்டு தொடர விடுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், விடைபெற நேரம் கொடுங்கள். காலையில் பாடம் தொடங்கும் முன் பத்து நிமிடத்தை வகுப்பாசிரியருக்கு விட்டுக்கொடுங்கள். சிரமப்படும் ஒரு பிள்ளையோடு தினம் 2 நிமிடம், தொடர்ந்து 10 நாள், படிப்பைப் பற்றியே பேசாமல் அதற்குப் பிடித்ததைப் பேசும் பழக்கம் ஒன்றை ஆசிரியர்கள் பலர் கடைப்பிடிக்கிறார்கள். செலவே இல்லாத வேலை. ஆனால் மணி அடித்ததும் பாடத்தை முடிக்க ஓடும் ஆசிரியருக்கு அந்த 2 நிமிடம் கிடைப்பதில்லை.

ஒருநாள் பிள்ளை வாயைத் திறந்து சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். குறுக்கிடாமல் கேட்க வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருவரிடம் அன்றே சேர்க்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று ஆயா, காவலாளி உட்பட பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆசிரியர் மருத்துவர் ஆகிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிகளில் வன்முறையைப் பார்த்த பிள்ளைகளுக்கு, பயிற்சி பெற்ற மனநல ஊழியர்கள் சிறு குழுக்களாக 10 அமர்வுகள் நடத்தியபோது மனக்காய அறிகுறிகள் குறைந்தன என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அது பயிற்சி பெற்றவர் வேலை, அதற்கு ஆள் நியமியுங்கள். பள்ளி முழுவதையும் மாற்றிக் காட்டுகிறோம் என்று திட்டம் விற்க வருபவர்களிடம் மட்டும் கவனமாக இருங்கள். ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான காம்பெல் கூட்டமைப்பு 2019இல் வெளியிட்ட மதிப்பாய்வு அப்படிப்பட்ட முழுத் திட்டங்களைப் பற்றித் தேடியபோது, தன் தரத்துக்கு எட்டிய ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்தப் பணத்தை ஓர் ஆலோசகரின் சம்பளத்துக்கு வையுங்கள்.

ஆசிரியர்களையும் மறக்காதீர்கள். நாள் முழுக்க பிள்ளைகளின் வேதனையைக் கேட்பவருக்கும் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், கடைசியில் மனம் மரத்துப்போகும். உங்களிடம் திட்டு வாங்கிவிட்டு வகுப்புக்குள் நுழைபவரால் அங்கே அமைதியாக இருக்க முடியாது. வாரம் ஒருமுறை ஆசிரியர்கள் கூடிப் பேசவும், தேவைப்பட்டால் வகுப்பை ஐந்து நிமிடம் இன்னொருவரிடம் விட்டு வெளியே வந்து மூச்சுவிடவும் வழி செய்யுங்கள்.

அடுத்த பருவத்துக்கான அட்டவணையை இன்னும் சில வாரங்களில் போடுவீர்கள். அதில் காலை பத்து நிமிடத்தைச் சேர்த்துவிட்டு, தண்டனைப் பதிவேட்டை எடுத்து, வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பத் திரும்ப அதே பெயர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு உங்கள் ஆசிரியர்களோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் இங்கே நிலையாகப் பக்கத்தில் இருக்கப்போகும் பெரியவர் யார் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஓர் ஆசிரியர்