கலந்தாய்வுக்கு முன்பே கெடு வைக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் குடியாத்தத்தில் வசிக்கிறேன். ஷூ தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பத்திரிகைக்கு இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம் பள்ளிகொண்டாவில் இருக்கும் என் தங்கை.

மார்ச் 25-ஆம் தேதி அவள் மகளுக்குப் பிளஸ் டூ தேர்வு முடிந்தது. அடுத்த வாரமே தங்கையிடமிருந்து போன் வந்தது. "அக்கா, ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் ஏப்ரல் 30-ஆம் தேதிக்குள் 25 ஆயிரம் ரூபாய் கட்டினால் பாப்பாவுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு உறுதியாம். ரிசல்ட் வந்த பிறகு போனால் முதல் வருடத்துக்கே 40 ஆயிரம் கூடுமாம். கட்டிவிடட்டுமா?" என்று கேட்டாள். கட்டு என்றும் சொல்ல முடியவில்லை, கட்டாதே என்றும் சொல்ல வாய் வரவில்லை. 2024-இல் இதே கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கட்டினேன்.

அந்த ஆண்டு ஏப்ரலில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் கல்விக் கண்காட்சி நடந்தது. கணவருக்குத் தூரத்து உறவான ஓர் அண்ணன்தான் எங்களை அழைத்துப் போனார். சேர்த்துவிடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவருக்குக் கமிஷன் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. சென்னைக்கு அருகே உள்ள ஒரு தனியார் கல்லூரிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டுக் கட்டணம் 2,10,000 ரூபாய், விடுதிக்கு ஒரு லட்சம். உடனே 25 ஆயிரம் கட்டினால் சலுகை என்றார்கள். என் மகள் கணினிப் படிப்பைத் தவிர வேறெதையும் நினைக்காதவள். அவள் முகத்தைப் பார்த்தேன். மறுநாளே, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை எடுத்துக் கட்டிவிட்டேன்.

கணக்குப் போட்டது அதற்குப் பிறகுதான். என் சம்பளமும் கணவரின் வருமானமும் சேர்ந்து மாதம் 28 ஆயிரம், ஆண்டுக்கு 3,36,000. கல்லூரிக்கும் விடுதிக்கும் 3,10,000 போனால், மிச்சமிருக்கும் 26 ஆயிரத்தில் வாடகை, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, சின்னவன் படிப்பு, அரிசி, பருப்பு எல்லாம் ஓட வேண்டும். மகள்தான் இதை நோட்டில் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு நோட்டை மூடி வைத்தாள். அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. வங்கிக் கடன் கிடைக்காதா என்று கேட்பார்கள். நான்கு லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது என்பது விதி. எங்கள் செலவோ நான்கு ஆண்டுகளுக்குப் பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டியது.

மே 6-ஆம் தேதி ரிசல்ட் வந்தது. மதிப்பெண் பட்டியல் வாங்கப் போன இடத்தில் அவளுடைய கணித ஆசிரியை என்னிடம் கேட்டார்: "ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தானே படித்தாள்? 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தீர்களா?" அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அந்த ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலிலும் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால், மதிப்பெண் வரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான். நேராகக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தால் அந்த உரிமை போய்விடும். அந்த மண்டபத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை எந்தப் பள்ளி என்று கேட்டு எழுதிக்கொண்டவர்கள்கூட இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தோம். பதிவுக் கட்டணம் 500 ரூபாய்தான். அதன் பிறகு காத்திருந்த நாள்களைச் சொல்லி முடியாது. தோழிகள் ஒவ்வொருவராகக் கல்லூரியைச் சொல்ல, இவள் மட்டும் "இன்னும் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கையிலிருக்கும் இடத்தை விட்டு, கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஒன்றுக்காக ஒரு பெண் பிள்ளையைக் காக்கவைக்கிறாயே என்று உறவில் பேசினார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. கணினிப் பிரிவு அவளுக்குக் கிடைக்கவில்லைதான். பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னணுவியல் கிடைத்தது. காலையில் வேலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து பாகாயத்துக்கு ஒரு டவுன் பஸ். இரவில் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அவள் ஆசைப்பட்ட படிப்பை நான் தரவில்லை என்ற குறை எனக்கு இருக்கிறது. ஆனால், அவள் படிப்புக்காக இந்த வீட்டில் ஒரு நகையும் அடகுக்குப் போகவில்லை.

கட்டிய பணத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் திருப்பிக் கேட்டபோது, ரசீதைக் காட்டினார்கள். திருப்பித் தரப்படாது என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. கணவர் நான்கு முறை ஆட்டோவை நிறுத்திவிட்டுப் போய் வந்தார். நவம்பரில் 15 ஆயிரம் வந்தது. மீதி பத்தாயிரம் பதிவுக் கட்டணமாம். அந்தக் கல்வியாண்டில் செப்டம்பர் 30-க்குள் இடத்தை விட்டுக்கொடுத்தால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கும் என் பள்ளித் தோழியிடம் இதைச் சொல்லி அழுதேன். அங்கேயும் எர்லி டிசிஷன் என்று ஒன்று இருக்கிறதாம். பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்திலேயே ஒரே ஒரு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பரில் இடம் கிடைத்துவிட்டால், மற்ற விண்ணப்பங்களை விலக்கிக்கொண்டு அங்கேதான் சேர வேண்டும். மற்ற கல்லூரிகள் எவ்வளவு உதவித்தொகை தரும் என்று ஒப்பிட வழியில்லாமல் போகிறதே என்று அவளும் மகனுக்காகத் தயங்கியிருக்கிறாள். ஆனாலும் அங்கே, குடும்ப வருமானத்தைக் கொடுத்தால் உத்தேசச் செலவைக் காட்டும் கணிப்பான் கல்லூரியின் இணையத்தளத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உதவித்தொகை போதாது என்றால் கொடுத்த வாக்கிலிருந்து விலகவும் வழி உண்டு. இங்கே எங்களிடம் கெடு மட்டும்தான் சொல்கிறார்கள்.

பணமுள்ளவர்கள் 25 ஆயிரம் கட்டிவைத்து, வேறு நல்ல இடம் கிடைத்தால் அதை விட்டுவிட்டுப் போகலாம். எங்களுக்கு அது ஒன்றரை ஆண்டுச் சீட்டுப் பணம். கட்டிவிட்டால் அது போய்விடுமே என்ற பயத்திலேயே பிள்ளையைக் கொண்டுபோய் அங்கே சேர்த்துவிடுகிறோம்.

தங்கை மகள் படித்தது மெட்ரிகுலேஷன் பள்ளி. 7.5 விழுக்காடு அவளுக்கு இல்லை. ஆனால், அந்த வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரியாகப் போகிறவள். முதல் பட்டதாரிக்கு அரசு தரும் கட்டணச் சலுகையும் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கே. சுயநிதிக் கல்லூரியில் கலந்தாய்வு இடத்துக்கு 2017-இல் நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 50 ஆயிரம், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55 ஆயிரம். தங்கையிடம் கேட்பதோ 2,25,000. அவள் வீட்டுக்காரர் கட்டிவிடலாம் என்கிறார். போன வருடம் காத்திருந்த நண்பரின் மகனுக்குக் கணினிப் பிரிவு கிடைக்காததை அவர் மறக்கவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

கலந்தாய்வு முடியும் வரை எந்தத் தனியார் கல்லூரியும் முன்பணம் வாங்கக் கூடாது என்று அரசு ஆணையிட வேண்டும். அது உடனே ஆகாது என்றால், பணம் வாங்கும் ரசீதிலேயே எந்தத் தேதிக்குள் கேட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வைக்கட்டும். வேலூர் மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி வாசலில் துண்டறிக்கை கொடுப்பவர்கள் எங்களிடம் வருவதற்கு முன், பிளஸ் டூ பெற்றோரை ஒரு நாள் பள்ளிக்கு அழைத்து, எந்தச் சலுகை எந்த வழியில் சேர்ந்தால் கிடைக்கும் என்று சொல்லிவிடுங்கள். என் மகளுடைய கணித ஆசிரியை நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்த செய்திதான் அது.

ஏப்ரல் 30-க்கு இன்னும் பன்னிரண்டு நாள்கள் இருக்கின்றன. தங்கை இன்னும் சீட்டுப் பணத்தை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் அந்தப் பழைய நோட்டோடு பள்ளிகொண்டாவுக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
ஷூ தொழிற்சாலைத் தையல் தொழிலாளி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.
18.4.2025