இருட்டில் தனியே போகாதீர்கள் என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி, எங்கள் பகுதியில் மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கென்று ஒரு பாதுகாப்புக் கூட்டம் போட்டார்கள். டீ, பிஸ்கட், ஃபிளக்ஸ் எதிலும் குறைவில்லை. கூட்டம் மட்டும் முதல் மாடியில். போலியோ வந்த காலில் காலிப்பரை, அதாவது காலைத் தாங்குகிற கம்பிக் கட்டை மாட்டிக்கொண்டு நான் படியேறி உட்கார்வதற்குள் பாதிப் பேச்சு முடிந்துவிட்டது, அது போகட்டும். கிளம்பும்போது ஆளுக்கொரு பிட் நோட்டீஸ் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்த அக்காவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. வழவழ தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன அம்மணி போட்டிருக்குது, படி" என்றார். முதல் வரியே 'இருட்டில் தனியாகச் செல்லாதீர்கள்'. அக்கா சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. "எனக்கு எப்பவும் இருட்டுதான கண்ணு, அப்ப நான் ஊட்ட உட்டே வரக்கூடாதா?"

அடுத்த வரி, ஆபத்து என்றால் சத்தம் போடுங்கள், ஓடுங்கள். எதிரே வாய் பேசாத பெண்கள் இரண்டு பேர், இந்தப் பக்கம் காலிப்பரோடு நான். கடைசியில் பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்கள் என்று இருந்தது. நல்ல நம்பர்தான், ஆனால் காது கேளாதவள் போனை எடுத்துக் காதில் வைத்து என்ன செய்வாள்? எல்லாப் பெண்களுக்கும் அடித்த நோட்டீஸின் மூலையில் ஒரு சக்கர நாற்காலிப் படத்தை ஒட்டிவிட்டால் அது எங்களுக்கான நோட்டீஸ் ஆகிவிடுமா?

அதில் வில்லனாக வரைந்திருந்தது முகமூடி போட்டுக்கொண்டு மரத்தடியில் நிற்கிற ஒருவனை. எங்களுக்குத் தெரிந்த ஆபத்து பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. குளிக்க வைக்கிற கை, வண்டியில் தூக்கி ஏற்றிவிடுகிற கை, உதவித்தொகையை எடுத்துத் தருகிறேன் என்று ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துக்கொண்ட ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர். அடிப்பதுகூட வேண்டாம், ஊன்றுகோலை எட்டாத இடத்தில் வைத்தால் போதும், போன் சார்ஜரை ஒளித்தால் போதும், நாள் முழுக்க ஒருத்தியை மூலையில் உட்கார வைத்துவிடலாம். இதில் ஒன்றுகூட நோட்டீஸில் இல்லை, ஏனென்றால் எழுதினவர்கள் எங்களில் ஒருத்தியையும் கேட்கவில்லை.

சரி, நமக்கான நோட்டீஸை நாமே செய்து பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தையல் கடையில் ஆறு பேர் உட்கார்ந்தோம். யாரையும் தப்பாகத் தொட விடாதே என்பதற்காக, கை படத்தின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு நான் காட்டினால், காது கேளாத தங்கச்சி அதை ஷாக் அடிக்கும், தொடாதே என்று புரிந்துகொண்டாள். அவள் போட்ட கணக்கில் அது டிரான்ஸ்பார்மர் போர்டு. பிறகு அவளே சைகையில் செய்து காட்ட, அதை வீடியோ எடுத்தோம். மனவளர்ச்சி குன்றிய பெண்ணின் அம்மா ஒருவர், "நல்ல தொடுதல் கெட்ட தொடுதல்னா எம்புள்ளைக்கு வெளங்காதுங்க, சோப்புப் போடறதும் தொடறதுதானுங்களே" என்றார். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. யார் தொடலாம், எதற்காக, எந்த நேரத்தில் என்று அவளோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் படம் போட வேண்டியிருந்தது. கண் தெரியாத அக்கா கேட்டது ஆடியோ. அவர் போனில் எது வந்தாலும் ஸ்பீக்கரில்தான் போட்டுக் கேட்பார், வீட்டில் எல்லோர் காதிலும் விழும். அதனால் முதல் அரை நிமிடம் கொள்ளுப் பருப்பு கடைகிற பக்குவம், அதற்கப்புறம்தான் விஷயம்!

சட்டம் ஒன்றும் குறைவாக இல்லை. மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு பாலியல் குற்றம் நடந்தால், போலீஸ் அவள் வீட்டுக்கோ அவள் சொல்லும் இடத்துக்கோ வந்து, சைகை மொழிபெயர்ப்பாளரையோ சிறப்பு ஆசிரியரையோ வைத்துப் புகாரை எழுத வேண்டும் என்று 2013லேயே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது, அதற்குப் பதிலாக இப்போது வந்திருக்கிற புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவில், கொடுமை நடப்பது தெரிந்த யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம், அதாவது கோட்டாட்சியர் மாதிரியான அதிகாரியிடம் தகவல் சொல்லலாம். கண் தெரியாத பெண் குரலை வைத்து ஆளை அடையாளம் சொன்ன வழக்கில், ஊனம் இருப்பதாலேயே அவள் சாட்சியத்தை மட்டமாக எடைபோடக் கூடாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதையெல்லாம் நான் கடையில் சொன்னபோது அந்த அக்கா, "இதைய போட்டிருக்கலாமில்ல அந்தத் தாள்ல" என்றார்.

எங்களைப் பற்றி முடிவெடுக்கும்போது எங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிற ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்று 2007இலிருந்து எத்தனை வருடம் ஆகிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அடித்து முடித்த நோட்டீஸைக் காட்டி "நல்லாருக்குதுங்களா?" என்று கேட்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அடுத்த நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன், வெறும் தாளாக இருக்கும்போதே கூப்பிடுங்கள். ஞாயிறு என்றால் சும்மாவே வருவோம், வேலை நாள் என்றால் ஒரு நாள் கூலியும் ஆட்டோ காசும் கொடுத்துவிடுங்கள். மாடியில் மட்டும் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பல்லடம்